ஊருக்கு ஒரு கணனிக் கழகம்

எமது சிறு பட்டினங்களிலே பஸ் தரிப்பிடத்தை அண்டிய மதில்களையும் மின்கம்பங்களையும் பார்த்தால், கணனி வகுப்பு விளம்பரம் ஒன்றாவது கண்ணிற் படாமற் போகாது. மூன்று மாதம், ஆறு மாதம், டிப்ளோமா, சான்றிதழ் என்று அவை அழைக்கின்றன. தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் தாயும், களப்பிலே வலை வீசும் தகப்பனும் கடன்பட்டேனும் பிள்ளையை அங்கு அனுப்புகிறார்கள். பிள்ளை கடிதம் தட்டச்சுச் செய்யவும் அட்டவணை போடவும் பழகிக்கொண்டு, சட்டம் போட்டு மாட்டத்தக்க சான்றிதழ் ஒன்றுடன் வீடு திரும்புகிறது.

இது வீண் என்று கூற வரவில்லை. ஆனால் இங்கே பிள்ளை கற்பது பிறர் செய்து வைத்ததைப் பாவிக்க மட்டுமே. கணனிக்குத் தானே வேலை சொல்லிக் கொடுக்கும் வித்தை, அதாவது நிரல் எழுதுதல், கிராமப் பிள்ளைகளிற் பெரும்பாலோரை எட்டுவதில்லை. புரோகிராமிங் என்ற சொல்லைக் கேட்டதுமே, அது பல்கலைக்கழகத்திலே பொறியியல் படிப்போருக்கு உரியது என்று நாமே ஒதுங்கிக் கொள்கிறோம்.

அப்படி ஒதுங்கத் தேவையில்லை. ஒவ்வொரு கிராமத்திலும், ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும், பிள்ளைகளும் இளைஞரும் கட்டணம் எதுவுமின்றி நிரல் எழுதப் பழகும் கழகம் ஒன்றை ஊரவரே நடத்த முடியும், நடத்த வேண்டும். அது இன்னொரு ரியூசன் வகுப்பாக மாறிவிடாமற் காக்கவும் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

கணக்கு யாருடைய கையில்?

கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் நிரல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடையாக ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம்.

ஒரு பெண் 60,000 ரூபா நுண்கடன் பெறுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டு வட்டி 24 வீதம், 12 மாதத்தில் திருப்பிச் செலுத்த வேண்டும். முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி போட்டால் அது 14,400 ரூபா. மாதத் தவணை 6,200 ரூபா. ஆனால் அவள் மாதாமாதம் முதலையும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள் அல்லவா? மீதியாக உள்ள கடனுக்கு மாத்திரம் அதே 24 வீத வட்டியைக் கணக்கிட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 5,674 ரூபாவாகும்; ஆண்டு முழுவதற்குமான வட்டி ஏறத்தாழ 8,080 ரூபா மட்டுமே. இரண்டையும் கடன் அட்டையிலே 24 வீதம் என்றே எழுதலாம். வித்தியாசமோ 6,300 ரூபாவுக்கு மேல். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இது சிறு தொகையா?

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கல்வி தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதப்பட்ட நிரல் ஒன்று, கடன் தொகை, வட்டி வீதம், மாதங்கள் ஆகிய மூன்றையும் கேட்டு, இரண்டு வகைக் கணக்கையும் அருகருகே காட்டிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று சில மாதப் பயிற்சியுடன் இதை எழுதலாம். எழுதும்போது வட்டி என்றால் என்ன என்பதும் அப்பிள்ளைக்குத் தெளிவாகிவிடும். 2021ஆம் ஆண்டில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே நுண்கடனால் நசுக்கப்பட்ட பெண்கள் வாரக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் இதே சுமையைச் சுமந்த பெண்கள் அநேகர். கையெழுத்து இடுவதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டக்கூடிய பிள்ளை ஒன்று ஒவ்வோர் ஊரிலும் இருப்பது நல்லதல்லவா?

தோட்டத்திலே நிறுக்கப்படும் கொழுந்தின் நிறையிலிருந்து பைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பார்கள். பால் சேகரிப்பு நிலையத்திலே பாலின் கொழுப்பை அளந்து விலை போடுவார்கள். குளத்துத் தண்ணீரை யார் வயலுக்கு எத்தனை மணித்தியாலம் விடுவது என்று முறை வைப்பார்கள். இவை எல்லாம் கணக்குகளே. இதுகாறும் இக்கணக்குகளை யாரோ போட்டார்கள்; எமது மக்கள் அதன் விடையை மட்டும் பெற்றார்கள். இப்போது அவை கணனிக்குள் போய்விட்டன. “கணனி அப்படித்தான் காட்டுகிறது” என்று சொல்லிவிட்டால் ஏழை வாயடைத்துப் போகிறான். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை வாயடைத்துப் போகாது. கணனி தானாக எதையும் காட்டுவதில்லை, யாரோ ஒருவர் கொடுத்த கட்டளையின்படியே காட்டுகிறது என்பதை அது அறியும்.

நிரல் என்பது என்ன?

நிரல் ஒன்றும் மந்திரம் அன்று. பனையோலைப் பெட்டி இழைக்கும் தாய் தன் மகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறாள்? இந்த ஓலையை மேலே விடு, அடுத்ததைக் கீழே விடு, விளிம்பு வரும் வரைக்கும் இப்படியே செய், விளிம்பு வந்தால் மடக்கு என்கிறாள். இதிலே ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல் இருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தல் இருக்கிறது. இன்னது நேர்ந்தால் இன்னது செய் என்ற நிபந்தனை இருக்கிறது. நிரலுக்கு அடிப்படையானவை இந்த மூன்றுமே. மகளுக்குச் சொல்லும்போது ஏதாவது விடுபட்டால் அவள் ஊகித்துக் கொள்வாள். கணனி ஊகிக்காது. சொன்னதை மட்டும் செய்யும். ஆகவே தெளிவாகவும் முழுமையாகவும் சொல்லப் பழக வேண்டும். இந்தப் பழக்கம் கணனியோடு நின்றுவிடுவதில்லை. சங்கக் கூட்டத்திலே பேசவும், மனு எழுதவும், ஒரு வேலையைத் திட்டமிடவும் உதவும்.

எமக்கு முன்மாதிரி உண்டு

இலவசக் கழகம் என்றதும் இது வெளிநாட்டார் சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. எமது ஊர்களிலே சனசமூக நிலையங்கள் எப்படி வளர்ந்தன? யாரோ ஒருவர் ஒரு துண்டுக் காணி கொடுத்தார். ஊர் இளைஞர் சிரமதானமாகக் கொட்டில் போட்டார்கள். பத்திரிகைக்குப் பணம் சேர்த்தார்கள். காலையிலே கதவு திறந்து மேசையிலே பத்திரிகை விரித்து வைக்க ஒருவர் பொறுப்பேற்றார். வாசிக்க வந்தவரிடம் எவரும் கட்டணம் கேட்கவில்லை. வாசித்து முடித்தவருக்குச் சான்றிதழ் கொடுக்கவும் இல்லை. ஆயினும் எத்தனை பேர் அந்த மேசையிலிருந்து உலகத்தைக் கற்றார்கள்! கணனிக் கழகமும் அத்தகைய வாசிகசாலையே. பத்திரிகைக்குப் பதிலாக மேசையிலே நாலைந்து கணனிகள் இருக்கும், அவ்வளவே.

வெளிநாட்டிலும் இது எளிமையாகவே தொடங்கியது. அயர்லாந்தின் கோர்க் நகரிலே ஜேம்ஸ் வெல்ற்றன் என்னும் மாணவர் தமது பாடசாலையிலே சக மாணவருக்கு நிரல் எழுதக் காட்டிக் கொடுக்கக் கழகம் ஒன்று நடத்தினார். பில் லியாவோ என்பவர் அவருடன் இணைந்துகொள்ள, 2011ஆம் ஆண்டில் கோடர்டோஜோ என்னும் இயக்கம் பிறந்தது. 7 முதல் 17 வயது வரையான பிள்ளைகள், தொண்டர்கள், இலவசம் என்பவையே அதன் அமைப்பு. அடுத்த ஆண்டிலே இங்கிலாந்தில் கிளேயர் சட்கிளிஃப், லிண்டா சான்ட்விக் என்ற இரு பெண்கள் பாடசாலை விட்ட பின் நடக்கும் கோட் கிளப் என்னும் கழகங்களைத் தொடங்கினர். அங்கும் கட்டணம் இல்லை. இவ்விரண்டும் பின்னர் பல நாடுகளுக்குப் பரவின. 2015இலும் 2017இலும் ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணனியை உருவாக்கிய அறநிறுவனத்துடன் அவை இணைந்தன. முதலிலே கட்டடமும் நிதியும் தேடி, பின்னர் பிள்ளைகளைத் தேடியவர்கள் அல்லர் இவர்கள். இருந்த அறையிலே, இருந்த கணனிகளுடன் தொடங்கினார்கள்.

எமது நாட்டு அனுபவமும் பாடம் தருவதே. 1990களின் கடைசியிலே கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. நேயர்கள் கேள்விகளை அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்திலே தேடி வானலையில் விடை கூறினார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி வைக்கப்பட்டது. பின்னர் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நாடெங்கும் அறிவகங்களைத் திறந்தது. அத்திட்டத்துக்கு 2014ஆம் ஆண்டில் பில் மெலிண்டா கேற்ஸ் மன்றம் 10 இலட்சம் டொலர் விருது வழங்கியது. இவை செய்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் இவற்றின் முதல் நோக்கம் தகவலை மக்களிடம் சேர்ப்பது. கைத்தொலைபேசி வந்து தகவல் ஒவ்வொருவர் கையிலும் கிடைக்கத் தொடங்கியபோது, “இனி இந்த அறைக்கு ஏன் வர வேண்டும்?” என்ற கேள்வி எழுந்தது. கழகத்துக்கு அந்தக் கேள்வி எழாது. பிள்ளைகள் ஒன்றுகூடி ஒன்றைச் செய்து பார்க்கும் இடத்தைக் கைத்தொலைபேசி தராது.

இன்னொன்றையும் நினைவிற் கொள்வோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி எமது கரைகளை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்து ஒழுங்குபடுத்த இந்நாட்டுத் தொண்டர்கள் சில நாட்களிலேயே நிரல் எழுதத் தொடங்கினார்கள். நிவாரணம் என்று பொருள்படும் சஹானா என்ற சிங்களச் சொல்லை அதற்குப் பெயராக இட்டார்கள். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம் என்று அதை விட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2010இல் ஹெயிற்றி பூகம்பத்திலும் அது உதவியது. அனர்த்தத்திலே அடிபட்ட நாடே மற்ற நாடுகளுக்குக் கருவி செய்து கொடுத்தது. கூகிள் நிறுவனம் 2005 முதல் நடத்திய திறந்த மூல நிரல் திட்டத்திலே, முதற் பத்து ஆண்டுகளையும் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் உலகிலேயே மிகக் கூடுதலான மாணவரைக் கொண்டிருந்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். திறமை இந்த மண்ணில் இல்லாமலில்லை. மொறட்டுவைக்கும் எமது கிராமத்துக்கும் இடையே ஏணி ஒன்று இல்லை என்பதே குறை.

ஏன் இலவசம்?

இலவசமாகக் கொடுப்பதற்கு மதிப்பில்லை, சிறு தொகையாவது அறவிட வேண்டும் என்று அனுபவமுள்ள தொண்டர்களே கூறுவதுண்டு. சிக்கனக் கூட்டத்துக்கும் விதைநெல் கடனுக்கும் இது பொருந்தலாம். பிள்ளைகளின் கழகத்துக்குப் பொருந்தாது.

கட்டணம் எவ்வளவு சிறிதாயினும் அது முதலில் வெளியே நிறுத்துவது யாரை? மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலே ஒருவருக்கு மட்டும் கட்டணம் கட்ட முடியுமானால், அந்த ஒருவர் மகனாகவே இருப்பார். மழை பெய்து வேலையில்லாத மாதத்திலே பணம் கட்ட முடியாத பிள்ளை வெட்கத்தினால் நின்றுவிடும். ஏன் வரவில்லை என்று நாம் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லும். இன்னொரு காரணமும் உண்டு. பணம் வாங்கினால் தகப்பன் தாய் பயனைக் கணக்குப் பார்ப்பார்கள். “எத்தனை பாடம் முடிந்தது? சோதனை எப்போது? சான்றிதழ் எப்போது?” என்பார்கள். அதற்கு ஈடுகொடுக்கக் கழகம் வகுப்பாகிவிடும். வகுப்பிலே ஒருவர் சொல்லுவார், மற்றவர் எழுதிக்கொள்வார். நிரல் அப்படி வராது. பிழை விட்டு, ஏன் பிழைத்தது என்று தேடி, திருத்தித்தான் வரும். பிழை விடுவதற்குப் பயப்படாத இடம் பிள்ளைக்கு வேண்டும். சோதனை நிறைந்த எமது கல்வி முறையிலே அப்படி ஓர் இடம் மிக அரிது.

ஆகவே கழகத்திலே பணமும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். மதிப்பு வேறு வழியில் வரட்டும். அறையைக் கூட்டுதல், கணனிகளைத் துணியால் மூடி வைத்தல், புதிதாக வந்த பிள்ளைக்கு அருகில் இருந்து காட்டிக் கொடுத்தல் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடமை இருக்கட்டும். தவணைக்கு ஒருமுறை பெற்றோரை அழைத்து, பிள்ளைகள் செய்ததை அவர்களே காட்டட்டும். தன் மகள் எழுதிய நிரல், தான் பறித்த கொழுந்தின் மாத நிறையைக் கூட்டிக் காட்டுவதைக் கண்ட தாய் சான்றிதழ் கேட்கமாட்டாள்.

எப்படித் தொடங்குவது?

முதலாவது தேவை இடம். சனசமூக நிலையம், மாதர் சங்கக் கட்டடம், ஆலய மண்டபம், கோவில் மடம், பள்ளிவாசல் மண்டபம், பாடசாலையின் ஓர் அறை ஆகியவற்றில் எது எல்லாப் பிள்ளைகளும் தயக்கமின்றி வரக்கூடிய இடமோ அதையே தெரிய வேண்டும். எந்தச் சாதியார், எந்தச் சமயத்தார் பிள்ளையும் வாசலிலே தயங்கி நிற்கும் இடம் கழகத்துக்கு ஏற்றதன்று.

இரண்டாவது கணனி. புதியவை வேண்டும் என்பதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணனிகளிலே லினக்ஸ் என்னும் இலவச இயக்க மென்பொருளைப் போட்டால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ராஸ்பெரி பை கணனி 2012இல் வெளிவந்தபோது அதன் விலை 35 டொலர்தான். பழைய தொலைக்காட்சியைக்கூட அதற்குத் திரையாக்கலாம். ஐந்து கணனி இருந்தால் பத்துப் பிள்ளைகளுக்குப் போதும். ஒரு கணனிக்கு இருவர் இருப்பது குறை அன்று, நன்மையே. ஒருவர் விசைப்பலகையில் தட்ட, மற்றவர் பார்த்துப் பிழை பிடிப்பார். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். பெரிய நிறுவனங்களிலும் இப்படி இருவராக அமர்ந்து நிரல் எழுதும் முறை உண்டு.

இணையம் இல்லையென்று தயங்க வேண்டாம். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிச்சல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்பது பிள்ளைகளுக்கான இலவச நிரல்மொழி. வண்ணக் கட்டைகளைப் பொருத்துவதுபோல் கட்டளைகளைப் பொருத்தினால் திரையிலே பூனை நடக்கும், பேசும். ஒரு தடவை பட்டினத்திலே தரவிறக்கி ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தால் இணையமின்றியே இயங்கும். அதன் பழைய பதிப்புகள் பழைய கணனியிலும் ஓடும்.

மின்சாரமும் இல்லாத நாள் வந்தால்? 2022இலே நாளொன்றுக்குப் பல மணித்தியாலம் இருளில் இருந்தவர்கள் நாம். அப்போதும் கழகம் நடக்கலாம். நியூசிலாந்தின் ரிம் பெல் முதலானோர் கணனியே இல்லாமற் கணனியியலைக் கற்பிக்கும் விளையாட்டுகளை வகுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று இது: ஐந்து மட்டைகளிலே முறையே 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள் இடுங்கள். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு மட்டை கொடுங்கள். மட்டையைக் காட்டலாம் அல்லது மறைக்கலாம்; வேறொன்றும் செய்யக்கூடாது. 19 என்ற எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். 16, 2, 1 ஆகிய மூவர் காட்ட, மற்ற இருவர் மறைப்பார்கள். பூச்சியம் முதல் 31 வரை எந்த எண்ணையும் இப்படிக் காட்டலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிதான் உண்டு. கணனி எண்களை உள்ளே வைத்திருப்பதும் இவ்வாறே. மாமர நிழலிலே அரை மணித்தியாலத்தில் இதைப் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஆள். நிபுணர் வேண்டும் என்று காத்திருந்தால் கழகம் தொடங்காது. வேண்டியது, கிழமைக்கு ஒரு நாள், குறித்த நேரத்துக்கு, தவறாமற் கதவு திறக்கும் ஒருவர். அவர் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை முன்னே படித்தாலே போதும். “எனக்கும் தெரியாது, வா பார்ப்போம்” என்று சொல்லத் துணிந்தவராக இருந்தால் மிக நல்லது. ஊரிலே பல்கலைக்கழகம் செல்லக் காத்திருக்கும் இளைஞர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியை, தபாற்கந்தோர் உத்தியோகத்தர் என்று எவரும் ஆகலாம். சந்தேகம் வந்தால் முதலில் மூன்று பிள்ளைகளிடம் கேள், பிறகே பெரியவரிடம் கேள் என்ற பழக்கம் இவ்வகைக் கழகங்களிலே உண்டு. அதனால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆசிரியராகிறார்கள். ஒருவர் மட்டும் பொறுப்பாயிருந்தால், அவர் வெளிநாடு போனதும் கழகமும் போய்விடும். ஆகவே தொடக்கத்திலேயே மூவர் பொறுப்பேற்க வேண்டும்.

நான்காவது பாதுகாப்பு. இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. எப்போதும் வளர்ந்தோர் இருவர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாய் இருப்பது நன்று. கதவும் சன்னலும் திறந்திருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும் இணையத்திலே போடக்கூடாது. இருட்டுமுன் பிள்ளைகள் வீடு சேரும்படி நேரம் வைக்க வேண்டும். இல்லையேல் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். பெண்பிள்ளைகள் பாதியளவாவது வராவிடின், கழகத்தின் நேரத்திலோ இடத்திலோ நடத்தும் முறையிலோ பிழை உண்டென்று கொண்டு அதை முதலில் திருத்த வேண்டும்.

எழுகின்ற தடைகள்

ஆங்கிலம் தெரியாதே என்பது முதல் தடை. பைதன் என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். எமது உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திலும் இதுவே கற்பிக்கப்படுகிறது. இஃப், எல்ஸ், வைல் என்பன போன்று அம்மொழிக்கே ஒதுக்கப்பட்ட சொற்கள் ஏறத்தாழ 35 மட்டுமே. முப்பத்தைந்து சொற்களை எமது பிள்ளைகளாற் பழக முடியாதா? 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், கணக்கிலே நாம் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம்: கடன், வட்டி, தவணை, மொத்தம் என்றே எழுதலாம். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே அமைந்த எழில் என்னும் நிரல்மொழியும் இருக்கிறது. ஆங்கிலம் பிறகு தேவைப்படும். ஆனால் அது வாசற்படியில் நிற்கும் காவற்காரனாக இருக்க வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவு இப்போது நிரலைத் தானே எழுதிவிடுகிறதே, இனி ஏன் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது இரண்டாவது. 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளிவந்த பின் இக்கேள்வி எங்கும் கேட்கிறது. மேலே சொன்ன கடன் கணக்கையே நினைத்துப் பாருங்கள். வட்டிக் கணக்கு எழுதித் தா என்று கேட்டால் இயந்திரம் எழுதித் தரும். அது முழுத் தொகைக்கு வட்டி போட்டதா, மீதிக்கு வட்டி போட்டதா என்று பார்த்து அறிவது யார்? நிரலை வாசிக்கத் தெரியாதவர் அதையும் “கணனி அப்படித்தான் காட்டுகிறது” என்றே ஏற்றுக்கொள்வார். எழுதிக் கொடுக்க ஆளிருப்பதால் வாசிக்கக் கற்பது வீண் என்று எவரும் கூறுவதில்லை. கடிதம் எழுதிக் கொடுக்க ஆள் இருந்த காலத்திலே, எழுதப்பட்டதை வாசிக்கத் தெரியாதவனே ஏமாந்தான்.

மூன்றாவது, இதைக் கற்ற பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடும் என்பது. சிலர் போவார்கள். கற்காதவர்களும் போகிறார்கள், மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்கும், கொழும்புக்குக் கடைச் சிப்பந்தியாகவும் போகிறார்கள். போவதென்றால் கையில் தொழிலோடு போகட்டும். ஆனால் கழகத்துக்கு வரும் இருபது பிள்ளைகளும் மென்பொருட் பொறியியலாளர் ஆவார்கள் என்று பெற்றோரிடம் நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. அது உண்மையன்று. ஒருவர் இருவர் அத்தொழிலுக்குப் போகலாம். மற்றவர்கள் கமக்காரராகவும் ஆசிரியராகவும் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசியாகவும் இருப்பார்கள். கணக்கைக் கண்டு மிரளாத கமக்காரராக, பதிவேட்டைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இராத காரியதரிசியாக இருப்பார்கள். ஊருக்கு இதுவே பெரிய இலாபம்.

இறுதியாக ஒன்று. எத்தனையோ இடங்களில் நன்கொடையாக வந்த கணனிகள் பூட்டிய அறைக்குள்ளே தூசு படிந்து கிடக்கின்றன. பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடும் என்ற பயமே அதற்குக் காரணம். பாவிக்காத கணனியும் பழுதாகத்தான் செய்யும். பிள்ளைகள் பாவித்துப் பழுதானால், திருத்தவாவது ஒருவர் பழகியிருப்பார்.

உங்கள் ஊரிலே அப்படி ஓர் அறை இருக்கிறதா? அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது? வரும் சங்கக் கூட்டத்திலே இந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பொறுப்பேற்க மூன்று பேரைத் தெரியுங்கள். கிழமையில் ஒரு நாளைக் குறியுங்கள். ஓராண்டு தவறாமல் நடத்துவோம் என்று கூட்டக் குறிப்பிலே எழுதி வையுங்கள். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.